கம்ப்யூட்டருக்கும் அடக்கவிலை உண்டு!

பருப்பு மூட்டை வாங்கும்போது நாம் மண்டி விலையை மட்டும் பார்ப்பதில்லை. வண்டி வாடகை, ஏற்று கூலி, சேதாரம் எல்லாம் சேர்த்து அடக்கவிலை போட்ட பிறகே முடிவு செய்கிறோம். ஆனால், வீட்டுப் பிள்ளை விளையாட ஒரு கம்ப்யூட்டர் கேட்டு, ஓரிக்கையிலிருந்து சென்னை ரிச்சி தெருவுக்குப் போனால் மட்டும் இந்தக் கணக்கை மறந்துவிடுகிறோம்!

கம்ப்யூட்டரின் மூளை பிராசஸர். இதில் இன்டெல், ஏ.எம்.டி. ஆகிய இரண்டு கம்பெனிகளுக்கும் நெடுங்காலப் போட்டி. 2022-ல் வந்த நடுத்தர ரகங்கள் இரண்டை எடுத்துக்கொள்வோம். ஒன்று இன்டெல் கோர் ஐ5 12400எஃப், மற்றது ஏ.எம்.டி. ரைசன் 5 5600.

இரண்டிலும் 6 கோர், 12 த்ரெட். ஆறு பேர் எடை போடும் கடை, ஒவ்வொருவரும் இரண்டு வாடிக்கையாளரை மாற்றி மாற்றிக் கவனிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். விளையாட்டு வேகத்தில் இரண்டும் ஏறத்தாழச் சமம். அப்படியானால் எதை வாங்குவது? இங்கேதான் அடக்கவிலை வருகிறது.

பிராசஸரோடு அதற்குரிய போர்டு, ரேம் விலையையும் கூட்டிப் பாருங்கள். 2017, 2018-ல் வாங்கிய ரைசன் கம்ப்யூட்டர் வீட்டில் இருந்தால், பல போர்டுகளில் பயாஸைப் புதுப்பித்து 5600-ஐப் பொருத்திவிடலாம். போர்டு, ரேம் செலவு மிச்சம். எல்லாமே புதிதாக வாங்குவோர் இரண்டுக்கும் மொத்தத் தொகை கேட்டு, குறைந்ததை எடுக்கலாம். பின்னர் வந்த ரகங்களுக்கும் இதே கணக்குதான்.

விளையாட்டின் வேகம் பெரும்பாலும் கிராபிக்ஸ் கார்டைப் பொறுத்தது. ஆகவே, பிராசஸரில் மிச்சமாகும் பணத்தைக் கார்டில் போடுவதே லாபம். மேற்சொன்ன இரண்டிலும் கார்டு இல்லாமல் திரையில் படமே வராது. கடையில் பில் போட மட்டும் என்றால் ‘எஃப்’ இல்லாத 12400 அல்லது 5600ஜி போதும். தனிக் கார்டு வேண்டாம்.

மேலும் ஒரு எச்சரிக்கை. கடைப் பெயரில் பில் வாங்கினாலும், பிள்ளை விளையாடும் கம்ப்யூட்டருக்கு ஜி.எஸ்.டி. உள்ளீட்டு வரி வரவு எடுக்கக் கூடாது. சொந்த உபயோகத்துக்குச் சட்டம் அதை அனுமதிக்கவில்லை. காம்போசிஷன் திட்டத்தில் இருப்போருக்குக் கடைக் கம்ப்யூட்டருக்கும் வரவு கிடையாது.

ஆகவே, ரிச்சி தெருவில் இரண்டு மூன்று கடைகளில் எழுத்து மூலமாக விலைப்பட்டியல் வாங்குங்கள். மொத்தத் தொகையை ஒப்பிட்ட பிறகே பணத்தை எடுங்கள். தராசு பிடிக்கும் நமக்கு இது புதிதல்லவே!