போனை எடுக்காவிட்டால் ஏன் இந்தத் தவிப்பு?

ஆலங்குளத்திலிருந்து திருநெல்வேலிக்கு வேலைக்குப் போன கணவர் போனை எடுக்கவில்லை. ‘என்னைக் கைவிட்டுவிட்டார்’ என்று மனைவி துடிக்கிறார். தன்னையே காயப்படுத்திக்கொள்ளத் தோன்றுகிறது. காலையில் தெய்வமாகத் தெரிந்தவர் மாலையில் எதிரி. ஆண்டுக்கணக்கில் இப்படியே தொடர்ந்தால், அது எல்லைக்கோட்டு ஆளுமைக் கோளாறாக இருக்கலாம். ஆண்களுக்கும் வரும். நடிப்பு, திமிர் என்று ஏசுவது அநியாயம்.

இது வருவதில் பரம்பரைக்குப் பங்குண்டு, சிறுவயதில் பட்ட அடிக்கும் புறக்கணிப்புக்கும் பங்குண்டு. மூளையில் பயத்தை எழுப்பும் அமிக்டலா என்ற பகுதி சட்டென்று கொதிக்கிறது. அதை அடக்க வேண்டிய மூளையின் முன்பகுதி பிந்திவிடுகிறது.

மாத்திரை துணைதான், பேச்சு சிகிச்சையே பிரதானம். அப்படியொரு சிகிச்சையை உருவாக்கிய அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹான், தானும் இளமையில் இதே வேதனையில் கிடந்ததை 2011இல் வெளிப்படையாகச் சொன்னார்.

தயங்காதீர்கள், 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம்.