வரி உத்தரவு வந்தால் எந்த வாசலுக்குப் போவது?

ஆந்திரத்தின் பிச்சாட்டூரில் கடை வைத்திருப்பவருக்கு ஜிஎஸ்டி உத்தரவு வருகிறது. போட்ட வரி தப்பு என்று தெரிகிறது. உடனே 'கோர்ட்டில் பார்த்துக்கொள்ளலாம்' என்று தோன்றும். ஆனால் ஜிஎஸ்டி சட்டத்தின் 162ஆம் பிரிவு இதில் சிவில் கோர்ட் தலையிடக் கூடாது என்கிறது.

இந்தத் தடை புதிதல்ல. கர்நூல் நிலக்கடலை வியாபாரிகள், கட்டிய விற்பனை வரியைத் திரும்பக் கேட்டு சிவில் வழக்குப் போட்டார்கள். அப்பீலுக்குச் சட்டத்திலேயே வழி இருக்கும்போது வழக்கு செல்லாது என்று 1963இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

பணபலம் உள்ளவர்களும் தோற்றிருக்கிறார்கள். புத்தூர் வழியாக ரயில் ஓட்டிய மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராட்டா ரயில்வே கம்பெனி, பெஜவாடா நகராட்சி தன் காலி நிலங்களுக்குப் போட்ட வரியை எதிர்த்து, அன்றைய இறுதி அப்பீல் மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. நிலத்தின் விலையில் ஒரு குறிப்பிட்ட சதவீதத்தை ஆண்டு மதிப்பாக வைத்தது சட்டப்படி சரியல்ல என்பது அதன் வாதம். 1944இல் அது எடுபடவில்லை. காலி நிலத்துக்கு இந்த முறை கூடாது என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை என்றது கவுன்சில்.

வரி அதிகம் என்பது ஒரு குறை. அதிகாரி சட்டத்தையே மீறினார் என்பது வேறு குறை. சட்டம் தடுத்தாலும் இரண்டாவது குறையை நீதிமன்றம் விசாரிக்கலாம் என்று 1940இலேயே, சென்னை மாகாணத்துப் பாக்கு இறக்குமதி வழக்கில், பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. இன்று நோட்டீஸே தராமலோ, உங்கள் பதிலைக் கேட்காமலோ, அதிகாரம் இல்லாதவரோ வரி போட்டிருந்தால், அரசியல் சட்டத்தின் 226ஆவது பிரிவின் கீழ் உயர் நீதிமன்றத்தில் ரிட் போடலாம். நமக்குச் சென்னைதான் பக்கம் என்றாலும், ஆந்திர அதிகாரியின் உத்தரவுக்குப் போக வேண்டியது அமராவதிக்கு.

மற்றதெல்லாம் அப்பீல்தான். உத்தரவு கிடைத்த நாளிலிருந்து மூன்று மாதம். தக்க காரணம் இருந்தால் இன்னும் ஒரு மாதம். தகராறில் உள்ள வரியில் 10 சதவீதம் முன்கூட்டிக் கட்ட வேண்டும். கட்டினால் மீதியின் வசூல் நிற்கும். கெடுவைத் தவறவிட்டு ரிட்டை நம்புவது ஆபத்து. ஆந்திர வாட் வரியில் கிளாக்ஸோ கம்பெனி அப்படித் தவறவிட்டது. உயர் நீதிமன்றம் இரங்கியும், 2020இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

சின்ன வியாபாரிகள் ஏமாறுவது இங்கேதான். உத்தரவு தபாலில் வராமல் ஜிஎஸ்டி போர்ட்டலில் மட்டும் ஏறலாம். அதுவும் சட்டப்படி சேர்ப்பித்ததாகவே கொள்ளப்படும். ஜிஎஸ்டி பதிவில் ஆடிட்டரின் செல் நம்பர் மட்டும் இருந்தால், கெடு ஓடுவதே உங்களுக்குத் தெரியாது. இந்த வாரமே உங்கள் நம்பரையும் மின்னஞ்சலையும் அதில் ஏற்றச் சொல்லுங்கள்.