யானை எண்ணப் போன மூன்று நாள்

ஒகேனக்கல் என்றதும் அருவி, எண்ணெய்க் குளியல், பரிசல், வறுத்த மீன் எல்லாம் கண்ணில் வரும். பென்னாகரத்திலிருந்து இறங்கும் சாலைக்கு இரு பக்கமும் காடு இருக்கிறதே, அதற்குள் நம்மை யார் விடுவார்கள்? என்னை விட்டார்கள்! 2024 மே 23 முதல் 25 வரை தென்மாநிலங்கள் சேர்ந்து நடத்திய யானைக் கணக்கெடுப்பில், தருமபுரிப் பக்கக் குழு ஒன்றோடு ஒட்டிக்கொண்டேன். வாங்க, கூடவே நடங்க. பேச்சை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள்.

விடியற்காலை முகாமில் கால் வைக்க இடமில்லை. தண்ணீர் கேன்கள், டார்ச், படிவக் கட்டுகள், ஒரே பிளக்கில் தொங்கும் நாலு சார்ஜர்கள். மூலையில் ஆவி பறக்கும் ராகிக் களி, கீரைக் கடைசல். வேட்டைத் தடுப்புக் காவலர் அண்ணன் ஒருவர் முதலில் எங்களைத்தான் சோதித்தார். சிவப்புச் சட்டைத் தம்பி சட்டையை மாற்றினான். சென்ட் அடித்து வந்தவர் தொட்டியடியில் கழுத்தைத் தேய்த்துக் கழுவினார். "கண்ணை ஏமாத்தலாம் சார், அதோட மூக்கை ஏமாத்த முடியாது."

முதல் நாள், யானையை நேரில் பார்த்து எண்ணும் வேலை. அண்ணன் இடுப்பில் ஒரு சின்னத் துணி மூட்டை, உள்ளே அடுப்புச் சாம்பல். பத்து நிமிடத்துக்கு ஒரு தட்டு. சாம்பல் எந்தப் பக்கம் பறக்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கமாக நடை. மசாய் மாரா என்றால் ஜீப்பில் உட்கார்ந்தபடியே வெகுதூரம் பார்க்கலாம். இங்கே இருபது அடியில் யானை நின்றாலும் புதர் காட்டிக்கொடுக்காது. ஆனால் ஒரே காலையில் எத்தனை காடு! மேட்டில் முள்காடு, பள்ளத்தில் மூங்கில், காவிரிக் கரைக்கு வந்தால் வானத்தை மறைக்கும் நீர்மருது. மணலில் நீர்நாய்க் கால்தடம். கிருஷ்ணகிரி, தருமபுரி இரண்டு மாவட்டத்திலும் சுமார் 686 சதுர கிலோமீட்டர் 2022 நவம்பரில் காவிரி தெற்கு வன உயிரின சரணாலயமானது. அந்த எண் என்னவென்று என் முழங்கால் அன்றைக்குத்தான் புரிந்துகொண்டது. யானை? ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.

இரண்டாம் நாள் லத்தி, அதாவது யானைச் சாணம், எண்ணும் வேலை. இரண்டு கிலோமீட்டருக்கு நேர்கோட்டில் போக வேண்டும். சூரைமுள் குறுக்கே நின்றாலும் கோடு வளையாது. லத்தி கண்ட இடத்தில் எல்லாம் டேப்பைப் பிடித்து, கோட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்று அளந்து எழுதுகிறார்கள். ஒரு குவியலில் புளியங்கொட்டை முளைவிட்டிருந்தது. இன்னொன்றின் மேல் அண்ணன் புறங்கையை வைத்துப் பார்த்தார். சூடு இல்லை. "முதலாளி ராத்திரியே கையெழுத்துப் போட்டுட்டுப் போயிட்டாரு." வியர்வையில் படிவம் நனைந்து மை கலைந்ததும், வனக் காப்பாளர் அதை அப்படியே உச்சந்தலையில் வெயிலுக்குக் காய வைத்தார். அந்த ஆண்டு தமிழ்நாட்டில் 3,063 யானைகள் என்று அறிக்கை வந்தபோது எனக்கு அந்தத் தலைதான் ஞாபகம் வந்தது.

மூன்றாம் நாள் நீர்நிலை. பாறை மறைவில் காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறோம். இருமல் வந்தால் துண்டைக் கடித்துக்கொள்ள வேண்டும். மதியம் புளிச்சோறு, அதுவும் வாசனை பரவாமல் அவசரமாக. மயில் வந்தது, புள்ளிமான் வந்தது. சிவப்புச் சட்டைத் தம்பி தூங்கியே போனான்.

வெயில் சாயும்போது மூங்கில் அசைந்தது. ஓசையே இல்லை! அவ்வளவு பெரிய உடம்புகள் பஞ்சு மாதிரி வந்து நின்றன. ஆப்பிரிக்காவில் பெண் யானைக்கும் தந்தம் உண்டு. நம் நாட்டில் ஆணுக்கு மட்டும்தான், அதிலும் மக்னா என்கிற தந்தமில்லாத ஆண்கள் உண்டு. அதனால் அண்ணன் நெற்றியைப் பார்க்கிறார், முதுகைப் பார்க்கிறார், விரலால் எனக்குச் சைகை செய்கிறார். பெண், பெண், இளசு, கொம்பன்... நான் கோடு போட்டுக்கொண்டே வந்தேன். ஒன்பது.

அண்ணன் தலையை ஆட்டினார். முன்னால் நின்ற பெரிய தாயின் கால்களுக்கு நடுவே பார்க்கச் சொன்னார். நாலு தூணுக்கு இடையில், தண்ணீரை எப்படி உறிஞ்சுவது என்று தெரியாமல் சேற்றைத் தட்டிக்கொண்டிருந்தது ஒரு துளியூண்டு தும்பிக்கை.

ஒன்பதை அடித்துவிட்டுப் பத்து என்று எழுதினேன்.