முதல் தடவை லேடி டாக்டரிடம்

பெண் உடல் அறிவோம் – 6

மூன்று மாதம் தொடர்ந்து மாதவிடாய் வராவிட்டாலும், வந்தது ஏழு நாளைத் தாண்டி நிற்காமல் போனாலும் டாக்டரைப் பார்த்துவிட வேண்டும் என்று போன வாரம் முடித்திருந்தேன். ஆனால் 'தள்ளிப்போகுது' என்று தெரிந்த பிறகும் எள்ளுருண்டை, பப்பாளி, கருஞ்சீரகம் என்று ஒரு வருஷத்தை ஓட்டிவிடும் பெண்கள் எத்தனையோ பேர். காரணம் கேட்டால், நோயைவிட இரண்டு விஷயங்களுக்கே அதிகம் பயப்படுகிறார்கள். "உள்ளே கைவிட்டுப் பார்ப்பாங்களாமே?" ஒன்று. "தெரிஞ்சவங்க யாராவது பார்த்துட்டா?" இன்னொன்று.

இரண்டாவது பயத்தைச் சும்மா ஒதுக்கிவிட முடியாது. போர்டில் 'மகப்பேறு' என்று இருக்கிறது. வரிசையில் உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் கர்ப்பிணிகள். நடுவில் ஒரு பத்தொன்பது வயதுப் பெண் தனியாகப் போய் உட்கார்ந்தால் நாலு பேர் திரும்பிப் பார்க்கத்தான் செய்கிறார்கள். சினைப்பையில் நீர்க்கட்டி என்று வெளியே தெரிந்தால் வரன் தட்டிப்போகுமோ என்று அம்மாவுக்கும் உள்ளூர நடுக்கம்.

சென்னையில் பெண்களின் கூச்சத்துக்காகவே ஓர் ஆஸ்பத்திரி எழுந்திருக்கிறது. ஆண் டாக்டர் முன்னால் வரமாட்டோம் என்றிருந்த பெண்களுக்காக 1885-ல் அதைத் தொடங்கியவர் மேரி ஷார்லிப். சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த முதல் பெண்களில் ஒருவர். இன்று கஸ்தூரிபா காந்தி பெயரில் திருவல்லிக்கேணியில் இருக்கும் அதை இன்னமும் கோஷா (பர்தா) ஆஸ்பத்திரி என்றுதான் சொல்கிறார்கள். கூச்சப்படாதே என்று பெண்களுக்குப் புத்தி சொல்வதோடு நிற்காமல், அவர்கள் வரக்கூடிய இடமாக ஆஸ்பத்திரியை மாற்றினார் ஷார்லிப். இன்றைய கிளினிக்குகளும் தங்கள் பங்குக்கு அதைச் செய்ய வேண்டும் என்பதே என் எண்ணம்.

சரி, அறைக்குள் என்னதான் நடக்கும்? பெரும்பாலும் பேச்சுதான். கடைசியாக எப்போது வந்தது, எத்தனை நாள் இருந்தது, ஒரு நாளைக்கு எத்தனை நாப்கின், எடை கூடியதா குறைந்ததா, முகத்தில் முடி, பரு உண்டா, என்ன மாத்திரை சாப்பிடுகிறாய் என்று கேட்பார். கடைசி நாலைந்து மாதத் தேதிகளைக் குறித்துக்கொண்டு போனால் பாதி வேலை முடிந்தது.

"கல்யாணம் ஆயிடுச்சா?" என்ற கேள்வியும் வரும். டாக்டர் அறிய விரும்புவது உடலுறவு இருந்திருக்கிறதா, கர்ப்பமாக வாய்ப்புண்டா என்பதை. பக்கத்தில் அம்மா இருந்தால் எந்தப் பெண்ணால் உள்ளதைச் சொல்ல முடியும்? "டாக்டர், அஞ்சு நிமிஷம் உங்ககிட்ட தனியா பேசணும்" என்று தயங்காமல் கேட்கலாம். நல்ல டாக்டர்கள் தாங்களே அம்மாவை வெளியே உட்காரச் சொல்வார்கள். அம்மாக்களே, அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பிறகு எடை, பிபி, வயிற்றின் மேல் கைவைத்துப் பார்ப்பது. ரத்தத்தில் ஹீமோகுளோபின், தைராய்டு, புரோலாக்டின். தேவைப்பட்டால் வேறு ஹார்மோன்கள். ஸ்கேன் எடுத்தால் பெரும்பாலும் வயிற்றின் மேல்தான். நிறையத் தண்ணீர் குடித்து, சிறுநீரை அடக்கிக்கொண்டு படுக்க வேண்டும். உடலுறவு அனுபவம் இல்லாத பெண்ணுக்கு, மாதவிடாய் தள்ளிப்போவதற்காக மட்டும் உள்பரிசோதனை பொதுவாகத் தேவையே இல்லை. அவசியம் என்று டாக்டர் சொன்னால் ஏன் என்று கேளுங்கள். சம்மதமில்லை என்றால் மறுக்கலாம். ஆண் டாக்டராக இருந்தால் நர்ஸ் ஒருவர் கூட இருக்கும்படி கேட்பது உங்கள் உரிமை.

ஸ்கேன் ரிப்போர்ட்டில் நீர்க்கட்டி என்று படித்துவிட்டு அழும் சிறுபெண்களுக்கு ஒரு வார்த்தை. அவை பெரும்பாலும் வெட்டி எடுக்க வேண்டிய கட்டிகள் அல்ல. வளர்ச்சி பாதியில் நின்ற கருமுட்டைப் பைகள். பருவமெய்திய முதல் சில வருஷங்களில் இவை நிறைய இருப்பது சகஜம். அதனால் பருவமெய்திய எட்டு ஆண்டுகளுக்குள் ஸ்கேனை வைத்து பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) என்று முடிவு கட்ட வேண்டாம் என்கிறது 2023-ல் வெளியான சர்வதேச வழிகாட்டுதல்.

நேரில் போகத் தைரியம் வரவில்லையென்றால், முதலில் தமிழக அரசின் 104 மருத்துவ உதவி எண்ணில் பேசிப்பாருங்கள். செலவுக்காகத் தயங்குபவர்கள் அரசு மருத்துவமனையின் மகளிர் புறநோயாளிகள் பிரிவுக்குப் போகலாம். காலையிலேயே போய்ச் சீட்டு வாங்கிவிடுங்கள். கூட ஒரு தோழியை அழைத்துச் செல்லுங்கள்.

(தொடரும்)