பரணில் கிடக்கும் ஸ்டீரியோ: பிளக்கைச் சொருகும் முன்

அப்பா 1980வாக்கில் வாங்கிய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் பல வருடமாகப் பரணில் கிடந்ததாம். இறக்கித் துடைத்துவிட்டு, பிளக்கைச் சொருகிப் பார்க்கலாமா என்று கேட்கிறார் வாசகர் ஒருவர். உள்ளே உள்ள கண்டன்சர்களை மொத்தமாக மாற்றினால்தான் பாடும் என்கிறார்களே, உண்மையா என்பது அவருடைய அடுத்த கேள்வி.

உடனே சொருக வேண்டாம். மொத்தமாக மாற்றவும் பெரும்பாலும் தேவையில்லை. இரண்டு பதிலுக்கும் காரணம் டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் நிற்கும் இரண்டு தடித்த அலுமினியக் குப்பிகளுக்குள் இருக்கிறது.

இவைதான் ஃபில்டர் கண்டன்சர்கள். நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டயோடுகளைத் தாண்டி வரும்போது அது நொடிக்கு 100 மேடும் 100 பள்ளமுமாக இருக்கும். பள்ளத்தை நிரப்புவது கண்டன்சரின் வேலை. 10,000 மைக்ரோஃபாரட் கண்டன்சரிலிருந்து 1 ஆம்பியர் இழுத்தால், ஒரு மேட்டுக்கும் அடுத்த மேட்டுக்கும் நடுவில் மின்னழுத்தம் 1 வோல்ட்டுக்குள்தான் இறங்கும். அதே கண்டன்சர் 2,000 மைக்ரோஃபாரட்டாகச் சுருங்கியிருந்தால் 5 வோல்ட் வரை இறங்கிவிடும். பாட்டு இல்லாத நேரத்திலும் ஸ்பீக்கர் ‘ம்ம்ம்’ என்று முனகுவது பல நேரம் இதனால்தான்.

இவ்வளவு சிறிய குப்பியில் இவ்வளவு கொள்ளளவு எப்படி? உள்ளே சுருட்டி வைத்திருக்கும் அலுமினியத் தாளை அமிலத்தால் அரித்து, அதன் பரப்பைப் பல பத்து மடங்கு பெருக்கியிருப்பார்கள். பிறகு அதன்மேல் அலுமினியம் ஆக்சைடு படலம் ஒன்றை மின்சாரத்தாலேயே வளர்ப்பார்கள். 63 வோல்ட் கண்டன்சரில் அந்தப் படலத்தின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் 10,000இல் ஒரு பங்கு அளவுதான். இரண்டாவது தட்டு போலத் தெரியும் இன்னொரு அலுமினியத் தாள் வெறும் இணைப்புக்கானது. உண்மையான இரண்டாவது தட்டு, நடுவில் உள்ள காகிதத்தில் ஊறியிருக்கும் திரவம்.

அந்தப் படலம் வளரும் விதம்தான் அழகு. மின்னழுத்தம் கொடுத்ததும் திரவத்தில் உள்ள நீரிலிருந்து ஆக்சிஜன் அலுமினியத்தோடு சேர்ந்து படலமாகிறது, ஹைட்ரஜன் வாயுவாகப் பிரிகிறது. படலம் தடிக்கத் தடிக்க அதன் குறுக்கே மின்புலம் பலவீனமாகி, வளர்ச்சி தானாகவே நின்றுவிடும். ஒரு வோல்ட்டுக்கு ஏறக்குறைய 1.4 நானோமீட்டர், அவ்வளவுதான் கணக்கு. எங்காவது படலம் மெலிந்திருந்தால் மின்னோட்டம் அந்த இடத்தில் கூடுதலாகப் பாயும். பாயும் மின்னோட்டமே அந்த இடத்தில் புதிய ஆக்சைடை வளர்த்து ஓட்டையை அடைக்கும். பழுது எங்கே இருக்கிறது என்று யாரும் தேடவேண்டியதில்லை.

பல வருடம் மின்சாரம் படாமல் கிடந்தால், திரவம் படலத்தை மெல்ல அரித்திருக்கும். அடுப்பில் பால் காய்ச்சுவதை நினைத்துக்கொள்ளலாம். சிறுதீயில் வைத்தால் மேலே ஆடை படியும். ஆடையில் விரிசல் விட்டால் அதே பாலிலிருந்தே அது மறுபடி மூடிக்கொள்ளும். தீயை ஒரேயடியாகத் தூக்கினால் ஆடையைப் பிளந்துகொண்டு பால் பொங்கி வழியும். 230 வோல்ட்டில் நேரடியாகச் சொருகினால் கண்டன்சருக்குள் நடப்பதும் இதுதான்: மெலிந்த படலம் வழியே மின்னோட்டம் பாய்கிறது, சூடு ஏறுகிறது, வாயு திரள்கிறது, குப்பி உப்பிப் பிளக்கிறது. சரி, பாத்திரத்தில் பாலே வற்றிப்போயிருந்தால்? எவ்வளவு நிதானமாகக் காய்ச்சினாலும் ஆடை வராது. குப்பியின் அடி ரப்பர் வழியாகத் திரவம் ஆவியாகிப் போன கண்டன்சரின் கதியும் அதுவே. அதை மாற்றத்தான் வேண்டும்.

 

முதலில் பெட்டியின் பின்பக்கத்தைப் பார்க்க வேண்டும். ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்கு என்று செய்த செட்டுகள் 100 வோல்ட்டுக்கானவை. அதை நம் வீட்டுச் சுவரில் சொருகினால் படலத்தைப் பற்றிப் பேச எதுவும் மிஞ்சாது. 110, 220 என்று மாற்றும் சுவிட்ச் இருந்தால் அது எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும்.

படலத்தை மீண்டும் வளர்க்க, கண்டன்சரைக் கழற்றி, 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடராக வைத்து, டிசி சப்ளையிலிருந்து மின்னழுத்தத்தைச் சிறுகச் சிறுக ஏற்றுவதே சிறந்த வழி. சில நூறு ரூபாய் மல்டிமீட்டரை அந்த ரெசிஸ்டரின் இரு முனைகளில் பிடித்தால் ஒழுக்கு தெரியும். 10 வோல்ட் காட்டினால் 1 மில்லி ஆம்பியர். 10,000 மைக்ரோஃபாரட் நிரம்பவே எட்டு, பத்து நிமிடம் ஆகும். அதற்குப் பிறகும் எண் 6, 5, 4 என்று இறங்கிக்கொண்டே வந்தால், கண்ணுக்குத் தெரியாத படலம் உள்ளே வளர்ந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். எண் ஓரிடத்தில் பிடிவாதமாக நின்றுவிட்டாலோ, குப்பி சூடானாலோ அது தேறாது.

கழற்ற வசதி இல்லாதவர்களுக்கு மெக்கானிக்குகளின் பழைய சீரீஸ் போர்டு இருக்கிறது: ஆம்ப்ளிஃபயருக்கு முன்னால் தொடராக ஒரு 60 வாட் குண்டு பல்பு. எல்இடி பல்பு இதற்கு உதவாது. உள்ளே முழு ஷார்ட் இருந்தாலும் கால் ஆம்பியருக்குமேல் போகாதபடி பல்பு பிடித்துவைக்கும். சுவிட்ச் போட்டதும் பளிச்சென எரிந்து, பிறகு மங்கினால் நல்லது. மங்காமல் எரிந்தால் உடனே அணைத்துவிட வேண்டும். மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர்ஸ்டாட் கிடைத்தால் இன்னும் நிதானமாக ஏற்றலாம்.

கை வைக்கும்முன் பிளக்கைப் பிடுங்கி, 1 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரைக் கண்டன்சர் முனைகளில் ஒரு நிமிடம் பிடித்து மின்னேற்றத்தை இறக்க வேண்டும். பிறகு மீட்டரில் சரிபார்க்கவும் வேண்டும். ஸ்க்ரூடிரைவரால் இரு முனைகளையும் சேர்த்துப் பொறி பறக்கவிடுவது ஆபத்தான பழக்கம். வால்வு செட் என்றால் உள்ளே 300 வோல்ட்டுக்குமேல் இருக்கும், அனுபவமுள்ள மெக்கானிக்கிடமே விட்டுவிடலாம்.

‘ஆடியோ கிரேடு’ என்ற பெயரில் பல மடங்கு விலை சொல்லும் கண்டன்சர்கள் ஏராளம். ஃபில்டர் இடத்தில் பார்க்க வேண்டியவை மைக்ரோஃபாரட், வோல்ட், 105 டிகிரி என்ற முத்திரை, குப்பியின் விட்டம். சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும் நல்ல கம்பெனிச் சரக்கே போதும். மொத்தமாக மாற்றுவதில் இன்னொரு ஆபத்தும் உண்டு: பழைய போர்டில் சால்டரிங் அயர்னை மீண்டும் மீண்டும் வைத்தால் செப்புத் தடங்கள் பெயர்ந்து கையோடு வந்துவிடும். ஓடிக்கொண்டிருந்த செட்டைக் கொன்றதில் இந்த ஆர்வத்துக்குப் பெரிய பங்கு உண்டு. வெப்பம் 10 டிகிரி கூடினால் கண்டன்சரின் ஆயுள் பாதியாகும் என்பது நடைமுறைக் கணக்கு. ஆகவே ஹீட்சிங்குக்கு ஒட்டி நிற்பவற்றை முதலில் சோதிப்பதே புத்திசாலித்தனம்.

வால்யூமைத் திருகும்போது வரும் கரகரப்புக்குக் கண்டன்சர் பெரும்பாலும் காரணமில்லை. கான்டாக்ட் கிளீனர் அடித்து, குமிழை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நன்றாகத் திருப்பினால் பெரும்பாலும் போய்விடும்.

பழைய செட்டின் வாட் கணக்கைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம். அமெரிக்காவில் 1974இல் வந்த விதி, தொடர்ந்து கொடுக்கக்கூடிய சக்தியைத்தான் விளம்பரத்தில் சொல்ல வேண்டும் என்று கட்டாயப்படுத்தியது. பின்னாளில் ‘பிஎம்பிஓ’ என்று ஆயிரக்கணக்கில் ஒட்டிய எண்களுக்கு அப்படி எந்த அளவுகோலும் கிடையாது. 1978இல் வந்து உலகெங்கும் பேர் வாங்கிய என்ஏடி 3020 ஆம்ப்ளிஃபயர் சேனலுக்கு வெறும் 20 வாட். வீட்டுக் கூடத்துக்கு அது தாராளம்.

ஸ்பீக்கரை மாட்டும்முன் அதன் முனைகளில் டிசி அளவைப் பார்க்க வேண்டும். சில பத்து மில்லிவோல்ட் என்றால் கவலையில்லை. சில வோல்ட் என்றால் ஸ்பீக்கரின் காயில் கருகிவிடும். பாட்டுக்கு இசைத்தட்டும் பிளேயரும் தேடி அலைய வேண்டியதில்லை. கைப்பேசியிலிருந்து ஒரு ஆர்சிஏ வயர் இழுத்து ‘ஆக்ஸ்’ துளையில் சொருகினால் போதும். பக்கத்தில் உள்ள ‘ஃபோனோ’ துளையில் மட்டும் வேண்டாம். அது இசைத்தட்டு ஊசியின் மெலிந்த மின்குறிக்கானது. தட்டில் அடக்கிப் பதித்த கீழ் ஒலிகளை மீட்க, 20 ஹெர்ட்ஸில் கிட்டத்தட்ட 20 டெசிபல் தூக்கிக் கொடுக்கும். கைப்பேசிப் பாட்டு அதில் நுழைந்தால் உறுமலாகத்தான் வெளியே வரும்.