சாவுத் தொப்பி

பழந்தமிழர் காளானை ஆம்பி என்றும் வழங்கினர். காளான்களுள் உணவாவனவும் உள. உயிரைக் கொல்வனவும் உள. ஐரோப்பாவின் ஓக் மரக்காடுகளில் தோன்றும் 'சாவுத் தொப்பி' என்னும் காளான் பின்னதைச் சார்ந்தது.

இதன் மெல்லிழைகள் மண்ணினுள் மரவேர்களைத் தழுவி வளர்கின்றன. மரத்திற்கு நீரும் உப்பும் உதவி, மரம் ஆக்கிய சருக்கரையைப் பெறுகின்றன. ஆதலின், கோடையின் இறுதியிலும் இலையுதிர் காலத்திலும் மழைக்குப் பின்னர் அம்மரங்களை அடுத்தே இக்காளான் முளைக்கும்.

இதனை அறிவது எங்ஙனம்? தொப்பி பெரும்பாலும் மஞ்சள் கலந்த பசுமை நிறத்தது. சிறுபான்மை வெண்மையும் ஆகும். தொப்பியின் கீழுள்ள மடிப்புகள் வெண்மையானவை. தண்டின் மேற்பகுதியில் மெல்லிய வளையம் ஒன்று தொங்கும். தண்டின் அடி பருத்து, பை போன்ற உறையினுள் நிற்கும். இவ்வுறை மண்ணில் மறைந்திருத்தலால், தண்டினை இடையில் ஒடிப்பவர் இதனைக் காணார். அறிந்தோர் காளானை அடியோடு அகழ்ந்தே ஆராய்வர்.

நஞ்சுள்ள காளான் வெள்ளிக் கரண்டியைக் கறுக்கச் செய்யும் என்று அந்நாட்டார் சிலர் நம்பினர். அது பொய்ந்நம்பிக்கை. இதனை வேகவைப்பினும் நஞ்சு நீங்காது. சுவையும் தீமையைக் காட்டாது. உண்டு ஆறு மணி நேரத்திற்கு மேல் கழிந்த பின்னரே வாந்தியும் வயிற்றுப்போக்கும் தோன்றும். பின்னர் நோய் தணிந்தது போலக் காணப்படும். அப்பொழுதும் நஞ்சு கல்லீரலை அழித்துக்கொண்டிருக்கும்.

மாணவர்களே! மேற்றோற்றம் கண்டு தெளிதல் தகாது. அடிவரை ஆராய்க, ஐயம் எழின் உண்ணாது விடுக.