புது ஹோம் தியேட்டர் வந்தும் சவுண்ட் சரியில்லையா? முதலில் ரூமை அளந்து பாருங்க

ரிச்சி ஸ்ட்ரீட்டில் பேரம் பேசி, அட்டைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆவடி லோக்கலில் நின்றபடியே வந்து, ராத்திரி ஒயரெல்லாம் மாட்டி முதல் பாட்டைப் போட்டால்... தம்தம்னு ஒரே இடி. பாடுபவர் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கிறது. பழைய குட்டி ஸ்பீக்கரே தேவலை! காசு போச்சே என்ற எரிச்சலில் பலரும் அடுத்துத் தேடுவது, இதைவிட விலை கூடின இன்னொரு செட். அதற்கு முன் இன்ச் டேப்பை எடுங்கள்.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கத்து ஃபிளாட்களில் 10-க்கு 10 அடி ரூம் சகஜம். சீலிங் உயரமும் கிட்டத்தட்ட அதே. ஒலிக்கு இந்தச் சதுரப் பெட்டி மாதிரி தொல்லை கொடுக்கும் வடிவம் வேறில்லை.

நம்மூர் சூட்டில் ஒலி நொடிக்குச் சுமார் 348 மீட்டர் ஓடும். 10 அடி என்றால் 3.05 மீட்டர். சுவரில் பட்டு மறுசுவருக்குப் போய்த் திரும்ப 6.1 மீட்டர். 348-ஐ 6.1 ஆல் வகுத்தால் 57. அதாவது, 57 ஹெர்ட்ஸ் பக்கம் வரும் பேஸ் மட்டும் இரண்டு சுவர்களுக்கு நடுவே தன்னோடு தானே சேர்ந்து பெருத்துக்கொண்டே போகும். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒன்றாக இருந்தால், மூன்று திசையிலும் அதே 57 தான். பேஸ் கிடாரின் ஏ கம்பி 55 ஹெர்ட்ஸ். அந்தச் சுரம் வரும்போது ரூமே குலுங்கும், பீரோ கதவு கடகடக்கும். 41 ஹெர்ட்ஸில் இருக்கிற ஈ கம்பிக்கு அந்த உபசாரம் கிடையாது.

பழைய ஸ்பீக்கர் எப்படி நன்றாக இருந்தது? நாலு இன்ச் ஸ்பீக்கருக்கு 57 ஹெர்ட்ஸ் வரை இறங்கத் தெம்பில்லை. ரூமின் குறை அதனால் வெளியே தெரியவில்லை. புது சப்வூஃபர் அதைத் தட்டி எழுப்பிவிட்டது, அவ்வளவுதான்.

நம் சுவர் வேறு செங்கல்லும் கான்கிரீட்டும். அமெரிக்காவில் மரச்சட்டத்தில் ஜிப்சம் பலகை அடித்த வீடுகள் அதிகம். பலகை அதிர்ந்து கொஞ்சம் பேஸை விழுங்கிவிடும். அங்கிருந்து வரும் யூடியூப் ரிவ்யூவை நம்பி வாங்கும்போது இதையும் யோசிக்கணும்.

சிக்கல் பழசுதான். 1895-ல் ஹார்வர்டில் புதிதாகக் கட்டிய ஒரு விரிவுரை அரங்கில் பேச்சே புரியவில்லை. வாலஸ் சபைன் என்ற இளம் பேராசிரியர் பக்கத்து தியேட்டரின் இருக்கை மெத்தைகளை இரவில் கொண்டுவந்து அடுக்கி, எதிரொலி எவ்வளவு குறைகிறது என்று அளந்தார். கட்டட ஒலியியல் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

அப்போ மெத்தை, திரைச்சீலை போட்டால் போதுமா? டைல்ஸ் தரையில் வரும் கீச்சும் எதிரொலியும் அடங்கும். பேஸ் அசையாது. 57 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 6 மீட்டருக்கு மேல். ஒரு இன்ச் ஃபோம் அதை என்ன செய்யும்? முட்டை அட்டை ஒட்டுவது அதைவிட வீண்.

உட்காரும் இடமும் முக்கியம். இந்த வகை பேஸ் சுவரோரத்தில் உச்சத்தில் இருக்கும், ரூமின் நட்டநடுவில் காணாமலே போகும். நாமோ சோபாவைச் சுவரோடு ஒட்டி, சப்வூஃபரையும் மூலையில் தள்ளியிருப்போம். சோபாவை ரெண்டடி முன்னே இழுத்தாலே வித்தியாசம் தெரியும். இன்னொரு வழி கொஞ்சம் கோமாளித்தனமாகத் தெரியும்: சப்வூஃபரை நீங்கள் உட்காரும் இடத்தில் வைத்து, பேஸ் நிறைந்த பாட்டை ஓடவிட்டு, தரையில் தவழ்ந்து போங்கள். எங்கே எல்லாச் சுரமும் சமமாகக் கேட்கிறதோ, சப்வூஃபருக்கு அதுதான் இடம். வீட்டில் சிரிப்பார்கள், பரவாயில்லை.

மாறாக, பேஸே வரவில்லை, குரலும் எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை என்றால், ரூமைக் குறை சொல்லாதீர்கள். ஸ்பீக்கர் பின்னால் போய்ப் பாருங்கள். ஒரு பக்கம் சிவப்பும் கறுப்பும் மாறி மாட்டியிருக்கலாம். அப்படியானால் ஒரு ஸ்பீக்கர் காற்றைத் தள்ளும்போது மற்றது இழுக்கும்; பேஸ் ஒன்றையொன்று அழித்துவிடும். ஒயரை மாற்றிச் சொருக ரெண்டு நிமிஷம்கூட ஆகாது.